வினாத்தாளும் புள்ளித்திட்டமும்: பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகள், அட்சரகணித மென்பொருள்களுடன் பத்து ஆண்டுகள்

திருகோணமலை உவர்மலையில் இருந்துகொண்டு உயர்தர மாணவருக்கு இணைந்த கணிதம் கற்பிக்கும் நான், கிண்ணியாவில் அதே பாடத்தைக் கற்பிக்கும் நண்பர் ஒருவருடன் சேர்ந்து 2015 முதல் மாதிரி வினாத்தாள்களும் புள்ளித்திட்டங்களும் தயாரித்து வருகிறேன். பகுதி அ-வில் 10 வினாக்கள், பகுதி ஆ-வில் 7 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் படிக்குப் படி ஐந்து ஐந்தாகப் புள்ளி பிரிக்கப்பட வேண்டும். ஓர் அடையாளம் மாறினால் அதற்குக் கீழேயுள்ள படிகள் அனைத்தும் சரிந்துவிடும். தொடக்கத்தில் பென் டிரைவிலும் மின்னஞ்சலிலுமாக வேர்ட் கோப்புகளை மாற்றிக்கொண்டிருந்தோம். ஒரு நாள், நண்பர் திருத்தி அனுப்பியிருந்த கோப்பு இருக்க, திருத்தாத பழைய கோப்பை நான் போட்டோக்கொப்பிக் கடையில் கொடுத்து அறுபது பிரதிகள் எடுத்துவிட்டேன். பரீட்சை மண்டபத்தில் மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், இந்தச் சமன்பாட்டுக்கு மெய்த் தீர்வே வரவில்லை" என்று சொன்ன பிறகுதான் முறையான கருவி ஒன்றைத் தேடத் தொடங்கினேன்.

கோப்பில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாற்றைப் பேணும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் முதலில் எடுத்தது சப்வேர்ஷன். அதன் குறை அதன் அமைப்பிலேயே இருந்தது: வரலாறு முழுவதும் ஒரே வழங்கியில் இருக்கும், மற்றவர்களிடம் நடப்புப் பிரதி மட்டுமே இருக்கும். எங்கள் வழங்கி என் வீட்டிலிருந்த பழைய மேசைக் கணினி. அதை நான் அணைத்துவிட்டு வகுப்புக்குப் போனால், கிண்ணியாவில் நண்பரால் ஒரு திருத்தத்தையும் பதிய முடியாது. ஆறு மாதத்தில் கைவிட்டோம்.

அடுத்து வந்தது மெர்க்குரியல். கிட், மெர்க்குரியல் இரண்டும் 2005 ஏப்ரலில், லினக்ஸ் கருநிரல் உருவாக்குநர்கள் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற இதேவகைக் கருவியின் இலவச உரிமம் விலக்கப்பட்ட சூழலில் பிறந்தவை. முன்னதை லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதினார். இரண்டிலும் ஒவ்வொருவரின் கணினியிலும் வரலாறு முழுமையாக இருக்கும். கணினித் துறை சாராத ஆசிரியர் ஒருவருக்கு முதன்முதலாகக் கற்றுக்கொடுக்க மெர்க்குரியலைவிட நல்ல கருவியை நான் இன்றும் காணவில்லை. கட்டளைகள் குறைவு, பதிவுகளுக்கு 0, 1, 2 என்று எண் வரும், இருவரின் பிரதியிலும் வரிசை ஒன்றாக இருக்கும்வரை, "நாற்பத்திரண்டாவதைப் பாருங்கள்" என்று தொலைபேசியில் சொல்லிவிடலாம். ஆனால் நாங்கள் கோப்புகளை வைத்திருந்த இணையச் சேவை 2020இல் மெர்க்குரியலுக்கான ஆதரவை நிறுத்தியது. வேறு இடம் தேடியிருக்கலாம். எனினும் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆட்கள் எங்கே அதிகம் என்று பார்த்து, மாற்றுக் கருவி ஒன்றின் துணையோடு ஐந்தாண்டு வரலாற்றையும் ஒரே மாலையில் கிட்டுக்கு மாற்றினேன்.

கிட்டுடன் முதல் வாரம் எரிச்சலாகவே கழிந்தது. எங்கள் கோப்புகளுக்குத் தமிழில்தான் பெயர். மாறிய கோப்புகளைக் காட்டு என்றால், 'தொகையீடு' என்ற பெயருக்குப் பதிலாக \340\256 என்று தொடங்கும் எட்டடிமான எண் வரிசை ஒன்று திரை முழுவதும் ஓடியது. core.quotepath என்ற அமைப்பைப் பொய் (false) என்று மாற்றியதும் தமிழ் தமிழாகத் தெரிந்தது. ஒரே வரிதான், ஆனால் அந்த வரி இருப்பதை அறியாதவர் கிட்டுக்குத் தமிழ் தெரியாது என்றே முடிவுகட்டிவிடுவார்.

இரண்டாவது சிக்கல் இதைவிட நுட்பமானது. நண்பர் தொடாத வரிகளெல்லாம் மாறியதாகக் கிட் காட்டியது. இரண்டு வரிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தன. காரணம் 'கொ', 'கோ' போன்ற எழுத்துகள். யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். என் விசைப்பலகை ஒரு விதமாகவும் அவருடையது மற்ற விதமாகவும் தட்டியிருக்கின்றன. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. கிட்டைக் குறைசொல்ல முடியாது. அது பைட்டுகளை ஒப்பிடும் கருவி. பதிவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சிறு பைதன் நிரலை எழுதிய பின்பே அந்தத் தொல்லை ஓய்ந்தது. வேர்ட் கோப்புகளையும் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவையும் விட்டு, யூனிகோட் தமிழில் லாடெக் (கணிதத்தை வெற்று உரையாக எழுதி அச்சுக்கு அமைக்கும் முறை) கோப்புகளாக எழுதுவதற்கும் இதே ஒப்பீடுதான் காரணம்: வேர்ட் கோப்பில் இரு பதிப்புகளும் வேறுபடுகின்றன என்று மட்டும் கிட் சொல்லும், எந்த வரியில் என்று சொல்லாது. லாடெக்கிலும் ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதிப் பழகினால்தான் அந்த ஒப்பீடு பயன்தரும்.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை போனது. என் மடிக்கணினியின் மின்கலம் ஏற்கனவே செத்திருந்தது. பதிந்துகொண்டிருந்த கணத்தில் மின்சாரம் போக, திரும்பி வந்தபோது வரலாற்றைச் சேமிக்கும் களஞ்சியத்திலுள்ள ஒரு கோப்பு வெறுமையாக இருக்கிறது என்று சொல்லிக் கிட் மறுத்துவிட்டது. இணையத்தில் படித்து அதைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் முயன்றேன். பிறகுதான், கிண்ணியாவில் இதே வரலாறு முழுமையாக இருக்கிறதே என்ற எண்ணம் வந்தது. நண்பருடைய பிரதியை அப்படியே எடுத்துக்கொண்டேன். அன்று காலை எழுதிய ஒரு வினா மட்டும் போயிற்று.

அந்த அனுபவத்துக்குப் பின் என் சொந்தப் பாடக்குறிப்புகளுக்கு ஃபொசிலை எடுத்தேன். எஸ்கியூலைட் தரவுத்தளத்தை எழுதிய ரிச்சர்ட் ஹிப்பின் ஆக்கம் அது. முழு வரலாறும் ஒரே எஸ்கியூலைட் கோப்பு. மென்பொருளும் ஒரே கோப்பு. விக்கி, பிழைப் பதிவேடு, காலக்கோடு எல்லாம் உள்ளேயே இருக்கின்றன, உலாவியில் திறந்து பார்க்கலாம். பதிவு முழுமையாக நடக்கும், அல்லது நடக்கவே நடக்காது. அதன் பின் எத்தனையோ மின்வெட்டுகளில் என் கணினி அணைந்தும் அது ஒருமுறைகூட உடையவில்லை. தனி ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பது என் கருத்து. நண்பரை மட்டும் இதற்கு இழுக்க முடியவில்லை. "மூன்றாவது தடவையும் புதிதாகப் படிக்க என்னால் ஏலாது, சேர்" என்றார். அதில் நியாயம் இருந்தது.

அட்சரகணிதப் பக்கத்தில் நான் நீண்ட காலம் பயன்படுத்தியவை மூன்று: மக்சிமா, பைதன் நிரல்மொழியின் நூலகமான சிம்பை, எக்ஸ்காஸ். இவை கணிப்பான் செய்யும் எண் கணக்கைக் கடந்து, குறியீடுகளை வைத்தே சுருக்கும், காரணிப்படுத்தும், தொகையிடும். உயர்தர இணைந்த கணிதப் பரீட்சைக்குக் கணிப்பான் கொண்டுபோக முடியாது என்பதால், மாணவருக்கு இவை வீட்டில் விடை சரிபார்க்க மட்டுமே. அதற்கு எக்ஸ்காஸ் போதும். கிரெனோபிள் பல்கலைக்கழகத்தின் பெர்னார் பாரிஸ் எழுதிய அதன் உள்ளியந்திரமான கியாக், எச்பி பிரைம் கணிப்பானிலும் இருப்பது. உலாவியிலேயே ஓடுவதால் கைத்தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளைக்கும் எட்டும்.

என் மேசையில் நிலைத்தது மக்சிமா. அதன் மூதாதை 1968இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மக்சைமா (Macsyma); அந்தப் பழைய நிரலை வில்லியம் ஷெல்டர் பல ஆண்டுகள் பேணி, 1998இல் குனூ பொது உரிமத்தில் வெளியிட அனுமதி பெற்றார். அரை நூற்றாண்டு வயதின் அடையாளம் தொடரியலில் தெரியும்: பெறுமானம் கொடுக்க முக்காற்புள்ளி, சார்பு வரையறுக்க முக்காற்புள்ளியும் சமக்குறியும், தனிச் சமக்குறி சமன்பாட்டுக்கு மட்டும். கணித ஆசிரியருக்கு இந்த வேறுபாடு உறுத்தாது. பைதனில் சமக்குறிக்கு வேறு பொருள் என்று விளக்குவதுதான் எனக்குச் சிரமம்.

எக்ஸ் அடுக்கு என்-ஐத் (xⁿ) தொகையிடு என்றால் மக்சிமா உடனே விடை தராது. n என்பது −1 ஆ என்று திருப்பிக் கேட்கும். முதலில் எரிச்சலூட்டிய அந்தக் கேள்வி, மாணவர் ஆண்டுதோறும் மறக்கும் நிபந்தனையேதான். சிம்பை அதே இடத்தில் கேள்வி கேட்காமல் இரண்டு நிலைகளையும் துண்டுச் சார்பாக எழுதித் தரும். நிரல் தானாக ஓட வேண்டுமானால் சிம்பை வசதி. எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கையில் எனக்கு மக்சிமாவின் குணமே பிடிக்கும்.

எனினும் இரண்டின் விடையையும் அப்படியே புள்ளித்திட்டத்தில் ஒட்ட முடியாது. எக்ஸ் + 3-ஐ (எக்ஸ் − 1)(எக்ஸ் + 1) வகுக்கும் பின்னத்தைப் பகுதிப் பின்னமாக்கினால் 2/(எக்ஸ் − 1) − 1/(எக்ஸ் + 1) என்று சரியாக வரும். அதைத் தொகையிட்டால் மக்சிமாவும் சிம்பையும் மடக்கைக்குள் மட்டுக்குறி இடமாட்டா, தொகையீட்டு மாறிலியும் சேர்க்கமாட்டா. நம் புள்ளித்திட்டத்தில் இரண்டும் வேண்டும். மக்சிமாவில் மட்டுக்குறியை இடவைக்கும் அமைப்பு உண்டு. சைன் எக்ஸ் = 1/2 என்பதற்கு அது பை/6 என்று மட்டும் தந்து, சில தீர்வுகள் விடுபடும் என்று எச்சரிக்கும்; பொதுத் தீர்வை நாமே எழுத வேண்டும்.

சிம்பையில் நான் பட்ட அடி பைதனால் வந்தது. பைதன் 2 இருந்த காலத்தில் 1/2 என்று எழுதிய இடமெல்லாம் சத்தமின்றிப் பூச்சியமாகிவிட்டது. பைதன் 3 இல் அதே இடம் 0.5 ஆகிறது, பின்னமாக நிற்பதில்லை. இன்று சிம்பையை வேறொரு வேலைக்கு வைத்திருக்கிறேன்: மூலங்கள் முழுவெண்ணாக அமையும் இருபடிச் சமன்பாடுகளை வேண்டிய அளவு உருவாக்கி, லாடெக் வடிவிலேயே வெளியிட.

இரண்டு வகைக் கருவிகளும் என் வேலையில் சந்திப்பது ஓர் இடத்தில். ஒவ்வொரு வினாவுக்கும் அருகே ஒரு சிறு மக்சிமா கோப்பு இருக்கும். பதிவதற்கு முன் கிட் அதை ஓட்டும். விடை பொருந்தாவிட்டால் பதிவு நின்றுவிடும். முதலில், விடையை வகையிட்டு வினாவிலிருந்து கழித்துச் சுருக்கினால் பூச்சியம் வருகிறதா என்று மட்டும் பார்த்தேன். திரிகோணச் சார்புகளில் சரியான விடைக்கும் பூச்சியம் வராமல் முரண்டு பிடித்தது. எந்தக் கோவை பூச்சியம் என்று எல்லா நிலைகளிலும் தீர்மானிக்கும் வழிமுறை கிடையாது என்பதை ரிச்சர்ட்சன் என்ற கணிதவியலாளர் 1968இலேயே நிறுவியிருக்கிறார். ஆகவே சுருக்கம் தோற்றால் மூன்று எண்களைப் பிரதியிட்டுப் பார்க்கும்படி மாற்றினேன். இந்த ஏற்பாடு களஞ்சியத்தோடு மற்றவரின் கணினிக்குத் தானாகப் போகாது, தனியே நிறுவ வேண்டும் என்பதை இரண்டு தவணைகள் கழித்தே கவனித்தேன்.

நிறுவிய வாரமே நண்பர் அழைத்தார். "சேர், மக்சிமா என்னை விடமாட்டேன் என்கிறது." வினா, 1 − கோசைன் 2எக்ஸ் என்பதன் வர்க்கமூலத்தை எக்ஸால் வகுத்து, எக்ஸ் இடப்பக்கமிருந்து பூச்சியத்தை நெருங்கும்போது எல்லை காண்பது. அவருடைய புள்ளித்திட்டத்தில் √2 என்று இருந்தது, −0.001-ஐப் பிரதியிட்ட சோதனையோ −1.4142 என்றது. நான் அந்த வரியின் வரலாற்றைத் திறந்து பார்த்தேன். அதைக் கடைசியாகத் தொட்டவர் அவர் அல்லர், முந்தைய இரவு 11.40க்கு எழுத்துப்பிழை திருத்துகிறேன் என்று உட்கார்ந்த நான்தான், தேவையற்றது என்று நினைத்து மறைக்குறியை நீக்கியிருக்கிறேன்.