‘லெவலிங் முடிஞ்சது’ என்றதும் பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்

பினாங்கில் வீடு ரெனோவேஷன் செய்யப் போகிறவர்கள், முக்கியமாகப் பழைய தரைவீட்டில் டைல்ஸை உடைத்துவிட்டு எஸ்பிசி பலகை (கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த தரைப்பலகை) போடலாம் என்று இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு ஆள் பிடியுங்கள். பலகையில் பெரிதாக ஏமாற்ற முடியாது, பிராண்டும் கனமும் பெட்டியிலேயே எழுதியிருக்கும். கை வைப்பதெல்லாம் பலகைக்கு அடியில், தரையை மட்டம் செய்கிற லெவலிங் வேலையில்தான், மூடிவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்?

எங்கள் வீடு ஜெலுத்தோங் பக்கம் ஒரு பழைய வரிசை வீடு. ஹாலிலும் சாப்பாட்டு அறையிலும் டைல்ஸ் பொங்கி எழுந்து நடக்க முடியாத நிலை, தீபாவளிக்குள் முடித்தாக வேண்டும். கோயிலில் தெரிந்தவர் ஒருவர் மூலமாக இந்தக் கண்டிராக்டர் வந்தார். “நம்ம ஆளு, பார்த்துச் செய்வாரு” என்றார்கள். (நம்ம ஆளு என்ற அந்த சர்டிபிகேட்டை எந்த ஆபீஸில் கொடுக்கிறார்களோ, இங்கே பாதிப் பேர் கையில் அது இருக்கிறது.) கொட்டேஷனில் 400 சதுரடிக்கு லெவலிங், சதுரடிக்கு 6 வெள்ளி (ரிங்கிட்), ஆக 2,400 வெள்ளி, பலகைக்குத் தனிக் கணக்கு. என்ன லெவலிங் என்று கேட்டேன். “செல்ஃப் லெவலிங் ஊத்துவோம் அக்கா, தண்ணி கொட்டினாக்கூட ஒரு பக்கமா ஓடாது” என்றார். ஊற்றினால் தானாகப் பரவி மட்டமாகிற சிமெண்ட் கலவை அது.

டைல்ஸை உடைத்தால் அடியில் பழைய சிமெண்ட் கலவை திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டி, வைரச் சக்கரம் மாட்டிய கிரைண்டரால் தேய்த்து, வேக்குவம் போட்டுத் தூசி எடுத்து, கலவை தரையோடு ஒட்டுவதற்கான பூச்சாகப் பிரைமர் அடித்து, அது காய்ந்த பிறகுதான் லெவலிங் கலவையை ஊற்ற வேண்டும். பிரைமர் இல்லையென்றால் அடியில் இருக்கும் கொங்கிரிட் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், மேலே ஊசித் துளைகள் விழும், கலவை தரையோடு பிடிக்காமல் தனியாக நிற்கும். இங்கே நடந்தது என்னவென்றால், காலையில் நான் வேலைக்குப் போகும்போது தரை திட்டும் தூசியுமாகக் கிடந்தது, சாயங்காலம் வந்து பார்த்தால் எல்லாம் சாம்பல் நிறத்தில் வழவழவென்று மூடியாயிற்று. வெளியே கேட் ஓரம் லெவலிங் கலவையின் காலிப் பை இரண்டுதான் கிடந்தது, மற்றதெல்லாம் சாதாரண சிமெண்ட் பை. அந்தக் குவியலைப் படம் எடுத்து வைத்தேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். லெவலிங் கலவை சதுர மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய 1.7 கிலோ பிடிக்கும். 400 சதுரடி என்பது 37 சதுர மீட்டர் சொச்சம். சராசரி 3 மில்லிமீட்டர் என்றாலே 190 கிலோ வருகிறது, அதாவது 25 கிலோ பையில் ஏழெட்டுப் பை. இரண்டு பையை வைத்து 400 சதுரடியை லெவல் செய்கிற வித்தை எனக்குத் தெரிந்து யாருக்கும் வராது. பை எங்கே என்று கேட்டால் “அது வேற சைட்டுக்கு லோரியில போயிருச்சு” என்கிறார், காலிப் பை எதற்கு இன்னொரு சைட்டுக்கு?

பலகை போட்டார்கள், பார்க்க அழகாகத்தான் இருந்தது. தீபாவளிக்கு வந்தவர்கள்கூடப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் சாப்பாட்டு மேசைப் பக்கம் கால் வைத்தால் பலகை அமுங்கி எழும்ப ஆரம்பித்தது, நடக்கும்போதெல்லாம் டக் டக் என்று சத்தம். கொஞ்ச நாளில் இரண்டு பலகைகளின் லாக் (பலகைகளை ஒன்றோடொன்று மாட்டுகிற விளிம்பு) உடைந்து விளிம்பு தூக்கிக்கொண்டது, மாமியாரின் ஊன்றுகோல் அதில் மாட்டி விழப்போனார். சுவரோரம் ஈரத்துணி வாடை வேறு. ஆளைக் கூப்பிட்டால், “புதுப் பலகை அக்கா, செட்டாகட்டும். அடியில ஃபோம் இருக்குல்ல, அது எல்லாத்தையும் ஏந்திக்கும்” என்கிறார். அந்த ஃபோம் 1 மில்லிமீட்டர் சொச்சம். சத்தத்தைக் குறைக்க வைப்பதே தவிர பள்ளத்தை நிரப்ப அல்ல. அடியில் பள்ளம் இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் பலகை வளையும், வளைந்து வளைந்து லாக் போகும். பெரும்பாலான எஸ்பிசி கையேடுகளில் 2 மீட்டர் நீளத்துக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது என்றே போட்டிருக்கும்.

அப்புறம் அவர் போனையே எடுக்கவில்லை. பட்டர்வொர்த்திலிருந்து வேறொரு பெரியவரை வரவழைத்துப் பலகையைக் கழற்றச் சொன்னேன். 2 மீட்டர் அலுமினியக் கட்டையைத் தரையில் வைத்தார், நடுவில் 7 மில்லிமீட்டர் இடைவெளி. மேலே பூசியிருந்த சிமெண்டை நகத்தால் நெம்பினார், அப்பளம் மாதிரி கையோடு வந்துவிட்டது. அடியில் டைல்ஸ் உடைத்த தூசி அப்படியே கிடக்கிறது, சிமெண்டுக்குள் ஒரு ஈர்க்குச்சி பதிந்திருக்கிறது! பெருக்கியதற்கு அது ஒன்றுதான் சாட்சி. பலகையின் அடிப்பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. “ஈரம் காயறதுக்கு முன்னாடியே மூடிட்டாங்கம்மா” என்றார்.

அதுதான் அடுத்த விஷயம். சிமெண்ட் பூச்சு நல்ல வெயில் காலத்திலேயே நாளைக்கு 1 மில்லிமீட்டர்தான் காயும் என்பது தொழில்காரர்களின் தோராயக் கணக்கு, நம் ஊரில் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை கொட்டுகிற மழையில் அதுகூடக் கிடைக்காது. பழைய தரைவீட்டில் கொங்கிரிட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்திருப்பார்கள் என்றும் நம்ப முடியாது, மண்ணின் ஈரம் மேலே ஏறிக்கொண்டேதான் இருக்கும். எஸ்பிசி தண்ணீருக்கு அஞ்சாது என்று விற்பவர் சொல்வது உண்மைதான், பலகைக்கு ஒன்றும் ஆகாது, அடியில் அடைபட்ட ஈரம்தான் வாடையும் பூஞ்சையுமாக வரும்.

செலவில்லாமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது: 18 அங்குலச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரமாவது விட்டுவிட்டுத் தூக்கிப் பாருங்கள். தாளில் நீர்த்துளி இருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ யாரையும் பலகை போட விடாதீர்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் ஈரமே இல்லை என்று அர்த்தமில்லை. சரியான சோதனை, கொங்கிரிட்டில் துளை போட்டு உள்ளே ஈரப்பதம் அளப்பதுதான், ஏஎஸ்டிஎம் எஃப் 2170 என்ற அமெரிக்கத் தரமுறை என்பார்கள். கொட்டேஷன் வாங்கும்போதே தேய்ப்பது, பிரைமர், எந்தக் கலவை, எத்தனை பை என்று தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள், எழுத மாட்டேன் என்பவரை அப்போதே அனுப்பிவிடலாம். பலகை வருவதற்கு முன் கட்டையை வைத்துப் படம் எடுத்துவிட்டுத்தான் லெவலிங் பணம்.

நான் இப்போது பயனீட்டாளர் திரிபுனலில் (வாடிக்கையாளர் புகாரை விசாரிக்கும் தீர்ப்பு மன்றம்) மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், 3 வருஷத்துக்குள் போட வேண்டும். விவரம் புரியாதவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் கேட்கலாம். ரசீது, வாட்ஸாப் பேச்சு, கேட் ஓரம் கிடந்த பைகளின் படம், ஈர்க்குச்சியோடு பெயர்ந்து வந்த அந்தச் சிமெண்ட் துண்டு, எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆள் யார் என்று கேட்டு இன்பாக்ஸில் வராதீர்கள், விசாரணை முடிகிற வரை பெயர் சொல்ல மாட்டேன். தரையின் படங்கள் வேண்டுமானால் கேளுங்கள், அனுப்புகிறேன்.