பி.டி.ஏ. படிக்க எந்த ஃபிசிக்ஸ்: 1405-ஆ, 1401-ஆ, 2425-ஆ?

டெக்சாஸில் கம்யூனிட்டி காலேஜ் சேரப் போகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: பி.டி.ஏ.வுக்கு ஃபிசிக்ஸ் வேண்டுமா, வேண்டுமென்றால் எதை எடுப்பது? பி.டி.ஏ. என்பது பிசியோதெரபிஸ்டுக்கு உதவியாளர் வேலை. இரண்டு வருட அசோசியேட் பட்டம், அப்புறம் உரிமத் தேர்வு. நோயாளியைப் பரிசோதித்துச் சிகிச்சைத் திட்டம் போடுவது தெரபிஸ்ட். அந்தத் திட்டப்படி பயிற்சி கொடுத்து எழுந்து நடக்க வைப்பது பி.டி.ஏ.

இந்த மாநிலத்தில் பாட எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி குழப்பம் தீரும். முதல் இலக்கம் அது எந்த வருடத்துப் பாடம் என்று சொல்லும். இரண்டாவது எத்தனை கிரெடிட், அதாவது பட்டக் கணக்கில் சேரும் பாட அலகு, என்று சொல்லும். 1405 என்பது கணக்கு அதிகம் போடாத, கருத்தை மட்டும் விளக்கும் இயற்பியல். 1401-ம் அதன் தொடர்ச்சியான 1402-ம் இயற்கணிதமும் முக்கோணவியலும் தெரிந்தவர்களுக்கு. 2425, 2426 நுண்கணிதத்தோடு வருபவை. என்ஜினியரிங் போகிறவர்கள் அங்கே இருப்பார்கள்.

மூன்றுக்கும் வித்தியாசம் என்ன என்பதற்கு ஒரு கைத்தடி போதும். வலது இடுப்பு நோகிறவர் தடியை இடது கையில் பிடிக்க வேண்டும். ஏன்?

60 கிலோ ஆள் வலது காலில் மட்டும் நிற்கிறார் என்று வையுங்கள். ஊன்றிய காலின் எடையைக் கழித்தால் இடுப்பு மூட்டுக்கு மேலே சுமார் 50 கிலோ. அந்த எடை மூட்டிலிருந்து உள்பக்கம் 10 செ.மீ. தள்ளி இறங்குகிறது. இடுப்பு சாயாமல் வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்கிற தசையோ 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. தூரம் பாதி, அதனால் இழுவை இரட்டிப்பு: தசை 100 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். எடையும் இழுவையும் சேர்ந்து மூட்டின் தலையில் 150. இப்போது இடது கையில் தடி. மூட்டிலிருந்து 50 செ.மீ. தள்ளி வெறும் 5 கிலோ அழுத்தம் கொடுத்தாலே தசையின் வேலை 100-லிருந்து 50 ஆகிவிடுகிறது. தடி தாங்குகிற 5 கிலோ போக, மூட்டின் சுமை 95. நோகிற பக்கத்துக் கையிலேயே தடியைப் பிடித்தால் இந்த நெம்புகோல் கைகொடுக்காது. (எண்களைச் சுலபத்துக்காக முழுமையாக்கியிருக்கிறேன். விசையைக் கிலோவில் சொன்னதற்கு 1401 ஆசிரியர் மார்க் வெட்டுவார்; அது வேறு விஷயம்.)

1405 வகுப்பில் ‘தடி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு உதவி’ என்பதோடு நிறுத்துவார்கள். 1401-இல் படம் போட்டு, திருப்புத்திறனை (விசையைத் தூரத்தால் பெருக்கியது) சமன் செய்து, தசையின் அந்த 50-ஐ வரவழைக்கச் சொல்வார்கள். 2425-இல் உட்கார்ந்து போட்டாலும் விடை அதே 50-தான்.

அதனால் 2425-ஐ இங்கேயே விட்டுவிடலாம். என்ஜினியரிங் பக்கம் ஒரு கண் இருந்தால் தவிர, அதற்காக நுண்கணிதம் படிக்கிற செலவு வீண்.

மீதி இரண்டில்தான் யோசனை. வேலைக்கு எது உதவும் என்று கேட்டால், நான் கூச்சப்படாமல் 1405 என்பேன். பிளஸ் டூவில் திருப்புத்திறன் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்து முழு மார்க் வாங்கியவள் நான். அது மனித இடுப்பில் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. அகச்சிவப்பு விளக்கை இரண்டு மடங்கு தூரம் நகர்த்தினால் சூடு ஏறக்குறைய கால்வாசி ஆகும், கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவருக்குத் தன் எடையில் பத்தில் ஒரு பங்குதான் காலில் தெரியும், 3 மெகாஹெர்ட்ஸ் அல்ட்ராசவுண்ட் மேலோடு நின்றுவிடும், 1 மெகாஹெர்ட்ஸ் ஆழமாகப் போகும். சிகிச்சை அறையில் வேண்டியது இந்த மாதிரி புத்திதான். கால்குலேட்டரை யாரும் எடுப்பதில்லை. போதாததற்கு, ஃபிசிக்ஸையே தனியாகக் கேட்காத பி.டி.ஏ. கல்லூரிகளும் உண்டு. அவர்கள் பார்ப்பது உடற்கூறும் உடலியங்கியலும். அந்த இரண்டில் ஏ வாங்கப் படிக்க வேண்டிய நேரத்தை 1401 தின்றுவிட்டால் நஷ்டம் உங்களுக்கு.

1401-க்கு வெளியே தெரியாத செலவு ஒன்றும் உண்டு. கணக்கில் நுழைவுநிலை எட்டாதவர்கள் முதலில் 1314 இயற்கணிதம், பிறகு 1316 முக்கோணவியல் முடித்துவிட்டுத்தான் வர வேண்டும். இரண்டு செமஸ்டர் என்று நினைத்தது நான்காகும்.

இவ்வளவு சொன்ன பிறகும் சிலரிடம் 1401-ஐ எடுங்கள் என்பேன். ‘பின்னால் டி.பி.டி. படித்துத் தெரபிஸ்ட் ஆவேன்’ என்று மனதில் ஓரமாக வைத்திருப்பவர்கள் அவர்கள். டி.பி.டி. என்பது பிசியோதெரபியில் முனைவர் பட்டம். ஆசை நியாயமானதுதான். 2023 கணக்குப்படி பி.டி.ஏ.வின் நடுச் சம்பளம் வருடத்துக்குச் சுமார் 64,000 டாலர், தெரபிஸ்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம். ஆனால் பி.டி.ஏ. முடித்தால் டி.பி.டி. பாதி முடிந்த மாதிரி என்று நினைப்பது தப்பு. இளங்கலைப் பட்டம் தனி, அதற்கு மேல் மூன்று வருடம் தனி. பி.டி.ஏ. அனுபவத்தைக் கணக்கில் எடுக்கிற இணைப்புப் படிப்பு ஒஹையோவின் ஃபிண்ட்லி பல்கலைக்கழகம் மாதிரி அபூர்வமாகத்தான் கிடைக்கும். டி.பி.டி. கல்லூரிகள் வழக்கமாகக் கேட்பது லேபோடு இரண்டு செமஸ்டர் ஃபிசிக்ஸ். அங்கே 1405 பெரும்பாலும் செல்லாது. 1401, 1402 செல்லும். ஒரு எச்சரிக்கை: சில இடங்களில் பழைய அறிவியல் மார்க்குகளுக்குக் காலாவதித் தேதி உண்டு. பத்து வருடம் கழித்துப் போகிற யோசனை என்றால் இப்போது 1401 எடுப்பதும் வீணாகலாம். போக நினைக்கிற கல்லூரிக்கு மெயில் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னோடு படித்த ஒரு அக்கா இதைக் கேட்காமல் விட்டார். ‘ஃபிசிக்ஸ்தானே, எது எடுத்தாலும் ஒன்றுதான்’ என்று கல்லூரி ஆலோசகர் சொன்னதை நம்பி 1405 எடுத்து ஏ வாங்கினார். ஆறு வருடம் பி.டி.ஏ.வாக வேலை பார்த்துவிட்டு டி.பி.டி.க்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோது அந்த நான்கு கிரெடிட்டும் கணக்கில் வரவில்லை. பகலில் நோயாளிகள், சாயங்காலம் இயற்கணிதம், அப்புறம் முக்கோணவியல், அதன் பிறகு 1401. புத்தகச் செலவாவது மிச்சமானது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ் பாடநூலை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். இப்போது 1402-இல் இருக்கிறார். இந்த வாரம் லென்ஸ் பாடமாம். மகனின் பூதக்கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டு, சமையலறை மேசையில் குவியத்தூரம் அளந்துகொண்டிருக்கிறார்.