பெசன்ட் நகர் கடற்கரை நடை: ஆறேழு வயதுப் பிள்ளைகளைச் சேர்க்கலாமா?

சனிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு பெசன்ட் நகர் பீச்சில், ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு கடற்கரை நடை நடத்துகிறார்கள். இரண்டு மணி நேரம், பிள்ளைக்கு 400 ரூபாய், கூட வரும் பெரியவருக்குக் காசு கிடையாது. குழுவின் பெயரைப் போடவில்லை. கொஞ்சம் திட்டவும் போகிறேன், அவர்களோ சின்னக் குழு, ஆர்வத்தில் நடத்துகிறவர்கள். இந்த மாதிரி நடைகளை இப்போது ஊரில் பல பேர் நடத்துகிறார்கள், அதனால் எதைக் கேட்டுவிட்டுச் சேர்க்கலாம் என்று பார்க்கிறவர்களுக்கு இது உதவலாம். என் கணக்கு இதுதான்: முதல் ஒரு மணி நேரத்துக்கே முழுக் காசையும் கொடுக்கலாம், அடுத்த ஒரு மணி நேரத்தை வெட்டி எறிந்துவிடலாம்.

நாங்கள் போனது ஜனவரியில். ஷ்மிட் நினைவு மண்டபத்துக்கு முன்னால் கூடச் சொன்னார்கள். நடத்தும் அக்கா அதையே முதல் பாடமாக்கிவிட்டார். 1930-ல் கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டென்மார்க் மாலுமியின் நினைவாகக் கட்டியது இது, நன்றாக நீந்தத் தெரிந்தவரையே இந்தக் கடல் இழுத்துக்கொண்டு போனது, ஆகவே கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் எல்லாரும் பின்னால் வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் பாதுகாப்பு உரை. "ஓடாதே, தள்ளாதே, பத்திரம்" என்று கால் மணி நேரம் கத்துவதைவிட இது நன்றாகவே வேலை செய்தது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஈர மணலில் எல்லாரையும் உட்கார வைத்து, கைக்கு எட்டிய தூரத்தில் கிடக்கும் மட்டி ஓடுகளைப் பொறுக்கச் சொன்னார். என் மகள் (இரண்டாம் வகுப்பு) எடுத்த ஓட்டில் ஒரு ஓட்டை. சுத்தமான வட்டம், வெளிப்பக்கம் கொஞ்சம் அகலமாக, உள்ளே போகப் போகச் சின்னதாக. "யாரோ ஆணி அடிச்சிருக்காங்க" என்றாள். அக்கா உடனே பதில் சொல்லவில்லை. "அப்படியா, வேற யாருக்காச்சும் அடிச்சிருக்காங்களா பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஓட்டை போட்ட ஓடுகள் குவியலாகச் சேர்ந்துவிட்டன. அதில் முக்கால்வாசி ஓடுகளில், மேலே புடைத்திருக்கும் மூக்குப் பகுதிக்குப் பக்கத்திலேயேதான் ஓட்டை. ஆணி என்றால் எல்லா ஓட்டிலும் ஒரே இடத்தில் எப்படி அடிப்பார்கள் என்று ஒரு பையன் கேட்டான் பாருங்கள், அந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்திருக்கிறார். பையிலிருந்து உருண்டையான, வழவழப்பான ஒரு நத்தைக் கூட்டை எடுத்துக் காட்டினார். இந்த நத்தை மணலுக்கடியில் மட்டியைப் பிடித்து, அமிலத்தை விட்டு மட்டியின் ஓடு இளகும்படி செய்து, நாக்கில் இருக்கும் பல்லால் சுரண்டித் துளை போட்டு, உள்ளே இருப்பதைச் சாப்பிட்டுவிடும். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். நானும்தான், இத்தனை வருஷம் இந்த பீச்சில் பஜ்ஜி தின்றதைத் தவிர வேறொன்றும் செய்யாதவன்.

குப்பத்திலிருந்து ஒரு மீனவப் பெரியவரும் கூட வருகிறார், பிள்ளைகள் அவரைத் தாத்தா என்கிறார்கள். ஊரூர் ஆல்காட் குப்பம் பக்கத்திலேயே இருக்கிறது, படகும் வலையும் கண்ணெதிரே கிடக்கின்றன, அப்படியிருந்தும் நிறையக் குழுக்கள் மீனவர் ஒருவரைக்கூடக் கூப்பிடாமல் கடலைப் பற்றி வகுப்பு எடுப்பது எனக்குப் புரியாத விஷயம். இவர் அலை பின்வாங்கும்போது ஈர மணலில் தெரியும் சின்னச் சின்ன 'வி' வடிவக் கோடுகளைக் காட்டி, அந்த இடத்தில் இரண்டு கையாலும் அள்ளச் சொன்னார். அள்ளினால் உள்ளங்கையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சாம்பல் நிற நண்டு நெளிகிறது. கொடுக்கு இல்லை, கடிக்காது. கீழே விட்டால் பின்பக்கமாகவே மண்ணுக்குள் புகுந்து, கண் இமைப்பதற்குள் காணாமல் போகிறது. அலை திரும்பும்போது இறகு மாதிரி இருக்கும் மீசையை நீட்டி, தண்ணீரில் வரும் துணுக்குகளை வடிகட்டித் தின்னுமாம். வகுப்பில் ஒரு நிமிஷம் உட்காராத பிள்ளைகள் இதற்காக முட்டி போட்டு, அடுத்த அலைக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து அதே தாத்தா ஒரு தேங்காய் மட்டையைத் தண்ணீரில் வீசிவிட்டு அது எந்தப் பக்கம் போகிறது என்று கரையோடு கூடவே நடக்கச் சொன்னார். தெற்கே போனது. வாடைக் காற்று மாதங்களில் தெற்கே போகும், வெயில் காலத்தில் வடக்கே திரும்பிவிடும் என்றார். வருஷம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் வடக்கே போகும் மணல்தான் அதிகம். அந்த மணலைச் சென்னைத் துறைமுகத்தின் சுவர் மறித்ததால்தான் மெரினா இவ்வளவு அகலமானது, மணல் வராமல் போன ராயபுரம் பக்கத்தைக் கடல் அரித்தது. ஏழு வயதுக்கு இதெல்லாம் முழுதாகப் புரியுமா என்று கேட்டால், புரியாது. ஆனால் மட்டை போனது ஞாபகம் இருக்கும், மீதியைப் பள்ளிக்கூடம் பின்னால் சொல்லிக்கொடுக்கட்டும்.

வழியில் ஒரு பங்குனி ஆமை செத்துக் கிடந்தது. 2025 ஜனவரியில் இந்தக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். சில பெற்றோர் பிள்ளைகளின் கண்ணைப் பொத்திக்கொண்டு நகரப் பார்த்தார்கள். அக்கா நிறுத்தினார், ஆனால் பக்கத்தில் போகவிடவில்லை. ஆமைக்கும் நம்மைப் போல நுரையீரல், மேலே வந்து மூச்சு விட வேண்டும், வலையில் மாட்டிக்கொண்டால் மேலே வர முடியாது என்று நேராகச் சொன்னார். ஒரு குட்டி தாத்தாவைப் பார்த்து, "நீங்களா பிடிச்சீங்க?" என்று கேட்டுவிட்டாள். எல்லாரும் சங்கடப்பட்டோம். அவர் மட்டும் சாதாரணமாக, "எங்க வலைல மாட்டுனா அறுத்து வுட்ருவோம் பாப்பா. பெரிய போட்டு மணிக்கணக்கா வலைய இழுத்துனே போவும், அதுல மாட்டுனா செத்துரும்" என்றார். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் வரக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, அது எவ்வளவு நடக்கிறது என்பது வேறு கதை. பிள்ளைகளிடம் பொய் சொல்லாமல் பேசிய அந்த ஐந்து நிமிஷத்துக்கு என் மதிப்பெண் முழுசு.

சரி, இப்போது திட்டு. இரண்டாவது மணி நேரத்தில் எல்லாரையும் பாயில் உட்கார வைத்து ஒரு தாளும் கலர் பென்சிலும் கொடுத்தார்கள். தாளில் ஒரு டால்பின், ஒரு நட்சத்திர மீன், ஒரு பவளப்பாறை. இவற்றில் ஒன்றையாவது அன்றைக்கு இந்தக் கரையில் பார்த்தோமா? ஓட்டை போட்ட மட்டியை வரையச் சொல்லியிருந்தால் ஒவ்வொரு பிள்ளையும் வரைந்திருக்கும். அதைவிட மோசம், கடைசியில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவரில் கடையில் வாங்கிய சங்கு, சோழி. காலிக் கூடு துறவி நண்டுக்கு வீடு, எடுத்துக்கொண்டு போகாதே என்று அரை மணி நேரம் முன்புதான் சொன்னார்கள்! கடையில் பளபளப்பாக விற்பவற்றில் பெரும்பாலானவை உயிரோடு பிடித்தவை, சில வகைகள் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கின்றன. இதை அக்காவிடம் சொன்னேன், கேட்டுக்கொண்டார், மாற்றுவார்களா தெரியாது.

அப்புறம் நேரம். ஒவ்வொரு சனிக்கிழமையும் 4 மணி என்று வைத்திருப்பது ரயில்வே டைம்டேபிளுக்குச் சரி, கடலுக்குச் சரிவராது. நீர் வற்றும் நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும், ஏழு நாளில் அது ஆறு மணி நேரத்தை நெருங்கிவிடும். அதாவது இந்தச் சனி 4 மணிக்கு நன்றாக வற்றியிருந்தால், அடுத்த சனி அதே நேரத்தில் தண்ணீர் ஏறி நிற்கும். சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியே ஒரு மீட்டர் சுமார்தான், ஆனாலும் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து தோண்டுவதற்கு அந்த ஈர மணல் பட்டைதான் முக்கியம். எங்களுக்கு நல்ல நாளாக அமைந்தது. அதற்கு முந்தின வாரம் போன பக்கத்து வீட்டுக்காரர்கள் பாதி நேரம் அலையிலிருந்து பிள்ளையை இழுத்துக்கொண்டே இருந்ததாகச் சொன்னார்கள். ஓத அட்டவணை (கடல் ஏறும், வற்றும் நேரப் பட்டியல்) இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது, பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். காலை நடை வைக்கிறார்களா என்றும் கேளுங்கள், படகுகள் திரும்பி வரும் நேரம் அது, வலையிலிருந்து மீன் பிரிப்பதைப் பார்ப்பதே பாதி வகுப்பு.

கூட்டமும் அதிகம். ஒரு அக்காவுக்கு இருபது பிள்ளைகள் கட்டுப்படியாகாது, பத்துக்கு மேல் சேர்க்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை நண்டைப் பார்க்கும்போது "அம்மாவைப் பாரு, சிரி" என்று போனை நீட்டாதீர்கள், அதற்குள் நண்டு போய்விடுகிறது.

காசே செலவழிக்காமல் ஒன்று வேண்டுமென்றால், மார்ச், ஏப்ரல் மாதங்களில் இதே கரையில் சாயங்காலம் ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கக் கூட்டிப் போங்கள். 1988-லிருந்து ஆமை முட்டைகளைக் காத்துவரும் எஸ்.எஸ்.டி.சி.என். என்ற மாணவர் அமைப்பினர் இதைச் செய்கிறார்கள். அவர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை போகும் இரவு நடை இந்த வயசுக்கு ஆகாது, நடு ராத்திரியில் பல கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டும், தூக்கிக்கொண்டு வருவது நீங்கள்தான். குஞ்சு விடும் இடத்தில் கூட்டம் நெரியும், ஆகவே சீக்கிரம் போய், கயிற்றுக்குப் பின்னால் பிள்ளையை முன்வரிசையில் உட்கார வையுங்கள், பிளாஷை அணைத்துவிடுங்கள். மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். கழிப்பறையை நம்பிப் போகாதீர்கள், வீட்டிலேயே போகச் சொல்லிக் கிளப்புங்கள்.