பழைய மாருதி 800-இன் உள்ளலங்காரமும் மீட்டர்களும்: ஏழு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

என்னிடம் இருப்பது 1998-இல் தயாரான, கார்புரேட்டர் பொருத்திய மாருதி 800. ஏழு ஆண்டுகளுக்கு முன் அதன் டேஷ்போர்டு, கதவுகளின் உட்பக்கப் பலகைகளான டோர் பேடுகள், மீட்டர்கள் ஆகியவற்றை வீட்டு வாசலில் வைத்தே, விடுமுறை நாள்களில், நானே மாற்றியமைத்தேன். வண்டி நிற்பது சென்னையில், மேற்கூரை இல்லாத இடத்தில். செய்த புதிதில் எந்த வேலையும் பளிச்சென்றுதான் இருக்கும். பல கத்திரி வெயில்களையும் ஐப்பசி மழைகளையும் கண்ட பின் எது நிலைத்தது, எது கழன்றது, எதை இன்னும் பார்க்கிறேன் என்பதையே இங்கு பகிர்கிறேன்.

இந்த வேலைக்கு 800 போல இணக்கமான வண்டி குறைவு. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, 2014 தொடக்கத்தில் உற்பத்தி நிறுத்தப்பட்ட அந்த வண்டியின் உதிரிகள் புதுப்பேட்டைக் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன; கழற்றும்போது கிளிப் உடைந்தால் மாற்று தேடி அலைய வேண்டியதில்லை. அதைவிட முக்கியமாக, என் வண்டியில் ஏர்பேக் கிடையாது. 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயமாயிற்று. பின்னர் பக்கத்து இருக்கைக்கும் அது வந்தது. அத்தகைய வண்டிகளில் ஸ்டீயரிங்கின் நடுமூடியிலோ, டேஷ்போர்டில் ஏர்பேக் பிளந்து வெளிவரும் பகுதியிலோ எதையும் ஒட்டக் கூடாது. முன்கண்ணாடியை ஒட்டிய முன்தூணுக்குள் ஏர்பேக் இருந்தால் அங்கே மீட்டரைப் பொருத்தவும் கூடாது. ஆகவே நான் சொல்வதில் ஒரு பகுதி புதிய கார் வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தாது.

முதலில் வினைல் தாள். டேஷ்போர்டின் நடுப்பட்டைக்குக் கார்பன் ஃபைபர் போன்ற பளபளப்பான தாளையும், காற்றுவாய்களைச் சுற்றியுள்ள சட்டங்களுக்குப் பளபளப்பற்ற கறுப்புத் தாளையும் ஒட்டினேன். இரண்டும் வெவ்வேறு வகை என்பதால் ஒரே வெயிலில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. பளபளப்பானது மலிவானது, உருளைகளுக்கிடையே அழுத்தி இழுத்துத் தயாரிக்கப்படுவதால், சூடேறும்போதெல்லாம் தன் பழைய அளவுக்குத் திரும்ப முயலும். இரண்டாம் கோடையிலேயே அதன் ஓரங்கள் வெங்காயத் தோல் போல உரியத் தொடங்கின. மற்றதோ திரவமாக ஊற்றி உலர்த்தப்படும் வார்ப்பு வினைல். விலை அதிகம், ஆனால் அதில் அந்த இழுவிசை தங்குவதில்லை. வளைவுகளில் நீட்டி ஒட்டிய பின், அந்த இடங்களை ஹீட் கன் கொண்டு ஏறத்தாழ 95 டிகிரி வரை மீண்டும் சூடாக்கிப் படியவைத்ததால், இன்றுவரை ஓர் ஓரம்கூடத் தூக்கவில்லை. ஒட்டுவதற்கு முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைப்பது மிக அவசியம்; ஆண்டுக்கணக்காகப் பூசிய டேஷ்போர்டு பாலிஷின் சிலிக்கோன் படிந்த பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் பிடிக்காது.

பளபளப்பான தாளைப் பிற்பாடு எடுத்துவிட்டதற்கு உரிந்தது மட்டும் காரணமன்று. பிற்பகலில் மேற்கு நோக்கி ஓட்டும்போது அதன் பிரதிபலிப்பு முன்கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. டேஷ்போர்டின் மேற்பகுதியில் கறுப்பும் பளபளப்பின்மையும் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதே இப்போது என் உறுதியான கருத்து. மர நிறமும் வெள்ளி நிறமும் படத்தில் மட்டுமே அழகு.

டோர் பேடுகள் ரெக்சின் போர்த்திய ஹார்ட்போர்டுகள். அவற்றின் பரம எதிரி வெயிலன்று, நீர். கண்ணாடியின் ரப்பர் பீடிங் வழியாக உள்ளே இறங்கும் மழைநீர் கதவின் அடித்துளைகள் வழியே வெளியேற வேண்டும். உட்தகட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் திரை கிழிந்திருந்தால், அந்த நீர் ஹார்ட்போர்டின் பின்புறத்தை நனைத்து உப்பவைக்கும். ஆகவே புது ரெக்சின் போர்த்துவதற்கு முன் அந்தத் திரையைப் புதிதாக வெட்டி ஒட்டினேன். பலகையின் பின்பக்கத்துக்கு இருமுறை வார்னிஷ் பூசினேன். பலகைகள் இன்றும் நேராக இருக்கின்றன. ரெக்சினைப் பொறுத்தவரை, கடையில் பரிந்துரைத்த ரப்பர் பசை வெயிலில் இளகி, கைப்பிடியைச் சுற்றிய குழிவுகளில் துணி மேலெழுந்தது. ஓரங்களைப் பின்னால் மடித்து ஸ்டேப்ளர் முள்ளும் அடித்திருந்த இடங்களில் எந்தச் சிக்கலும் இல்லை. பசையை மட்டும் நம்பாமல் தையலையோ முள்ளையோ துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இனி மீட்டர்கள். இந்த வண்டியின் ஸ்பீடோமீட்டர் கேபிளால் இயங்குவது; கேபிள் சுழற்றும் காந்தம் ஓர் அலுமினியக் கிண்ணத்தை இழுக்க, அதை ஒரு மயிரிழைச் சுருள்வில் தடுக்க, இரண்டுக்கும் இடைப்பட்ட சமநிலையே முள்ளின் நிலை. முள்ளுக்குக் கனமாகச் சாயம் பூசினாலோ, அதைப் பிடுங்கி வேறு கோணத்தில் செருகினாலோ அந்தச் சமநிலை குலைந்துவிடும். ஆகவே முகப்புத் தாளையும் முள்ளையும் தொடாமல், கண்ணாடியை மெருகேற்றி விளக்குகளை மட்டும் மாற்றினேன். எல்.இ.டி. விளக்குகள் வெளிச்சம் தந்தன. ஆனால் அவற்றின் ஒளி ஒரே திசையில் பாய்வதால் எண்களுக்கிடையே திட்டுத் திட்டாக விழுந்தது. ஒளியைப் பரப்பும் முனை கொண்ட வகையை வாங்கிய பிறகே சீரானது. பாட்டரிக்கான எச்சரிக்கை விளக்கை மட்டும் பழைய இழை பல்பாகவே விட்டிருக்கிறேன். பாட்டரியை மின்னேற்றும் ஆல்டர்னேட்டர்கள் பலவற்றுக்குத் தொடக்க மின்னோட்டம் அந்த பல்பு வழியாகத்தான் செல்கிறது; அங்கே எல்.இ.டி. வைத்தால் மின்னூட்டமே தொடங்காமல் போகலாம்.

கூடுதலாக 52 மி.மீ. அளவில் நான்கு மீட்டர்களைச் சேர்த்தேன். அவற்றுள் கவர்ச்சியானது, தீப்பொறிகளை எண்ணி எஞ்சினின் சுழற்சி வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டர்; பயன் குறைந்ததும் அதுவே. கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் நான்கு, ஆறு, எட்டு சிலிண்டர்களுக்கே தேர்வு உண்டு. 800-க்கோ மூன்று சிலிண்டர்கள், அதாவது ஒரு சுற்றுக்கு ஒன்றரைத் தீப்பொறி. நான்கில் வைத்தால் உண்மையில் முக்கால் பங்கையே காட்டும். ஆறில் வைத்தால் சரிபாதி காட்டும்; பார்த்ததை இரட்டித்துக்கொண்டால் போதும். எப்படியும் இந்த எஞ்சினை எப்போது கியர் மாற்ற வேண்டுமென்பதைக் காதே சொல்லிவிடுகிறது.

வெப்பமானி அப்படியன்று. பழைய முள் குளிர்ச்சிக்கும் சூட்டுக்கும் நடுவே எங்கோ நிற்குமேயொழிய எண் சொல்லாது. அலுமினியத் தலை கொண்ட எஞ்சின் கொதித்தால் அந்தத் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட்டை மாற்றும் செலவு சிறியதன்று. ரேடியேட்டரின் மேல் ஹோஸில் இணைப்புத் துண்டு வைத்துச் சென்சார் பொருத்தியதால், நெரிசலில் சூடு ஏறுவதையும் விசிறி சுழன்றதும் இறங்குவதையும் எண்ணாகவே பார்க்கிறேன். ஹோஸ் ரப்பர் என்பதால் இணைப்புத் துண்டுக்குத் தனியாக எர்த் கம்பி கொடுக்க வேண்டும்.

எண்ணெய் அழுத்த மீட்டரில் பொறுமை வேண்டும். எஞ்சினில் இருப்பது ஜப்பானிய வண்டிகளில் வழக்கமான எட்டிலொரு அங்குல பி.எஸ்.பி.டி. (பிரிட்டிஷ் தர) மரை, மீட்டருடன் வருவது பெரும்பாலும் என்.பி.டி. (அமெரிக்கத் தர) மரை. இரண்டும் முதல் சில சுற்றுகள் ஏறும், பிறகு சிக்கிக் கசியும். சரியான அடாப்டரை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கினேன். எண்ணெயையே குழாய் வழியாக உள்ளே கொண்டுவரும் வகையை வாங்காதீர்கள். குழாய் விட்டால் கொதிக்கும் எண்ணெய் காலில் கொட்டும். மின் சென்சார் வகையே பாதுகாப்பானது. மரையில் டெஃப்லான் டேப்பை அதிகமாகச் சுற்றினால் எர்த் கிடைக்காமல் அளவு தாறுமாறாகும்.

மிக மலிவான வோல்ட் மீட்டரே என் கண் அடிக்கடி செல்லும் இடம். எஞ்சின் ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் நிற்க வேண்டியது, ஒரு மழைக்காலத்தில் விளக்கும் வைப்பரும் ஓடுகையில் 12.5-க்கு இறங்கியது. எச்சரிக்கை விளக்கு எரியவே இல்லை. பிரித்துப் பார்த்தபோது ஆல்டர்னேட்டரின் கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருந்தன. வழியில் நிற்காமல் தப்பித்தேன்.

நான்குக்கும் மின்சாரத்தை இக்னிஷன் திறந்தால் மட்டும் உயிர்பெறும் இணைப்பிலிருந்து, தனியே 3 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்து எடுத்தேன். மீட்டர்களின் உள்விளக்குகளுக்குப் பார்க்கிங் விளக்கு இணைப்பு. கம்பிகளுக்குத் துணி டேப் சுற்றுங்கள். சாதாரண பி.வி.சி. டேப் வெயிலில் பிசினாகி வழிகிறது. கழற்றிய சட்டங்களையும் பல்புகளையும் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். 2023-இல் பதிவைப் புதுப்பிக்கக் கொண்டுசென்றபோது ஆய்வாளர் விளக்கு, ஹாரன், பிரேக் ஆகியவற்றைப் பார்த்தார்; கூடுதல் மீட்டர்களைப் பற்றிக் கேள்வி எழவில்லை, பெட்டியைத் திறக்கவும் நேரவில்லை.