ஜோர்டான் கார்டு வாங்கும்முன்: எண் சரியாக இருந்தும் நான் ஏமாந்தேன்

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பழைய கூடைப்பந்து கார்டுகளை நாலைந்து வருடமாகச் சேர்க்கிறேன். போன மார்ச்சில் 4,200 டாலர் கொடுத்து வாங்கிய மைக்கேல் ஜோர்டான் கார்டு போலி. பணம் இன்னும் திரும்பி வரவில்லை. பிள்ளைகளின் காலேஜ் செலவுக்கு உதவும் என்று நம்பி இந்தக் கார்டுகளில் பணம் போடும் நம்மவர்கள் சிலரை எனக்கே தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. 1986-87 சீசனுக்கு ஃப்ளியர் கம்பெனி 132 கார்டுகள் கொண்ட செட் ஒன்றை வெளியிட்டது. அதில் 57ஆம் எண் ஜோர்டானுடையது. பபிள்கம்மோடு சேர்த்து விற்ற அட்டைதான். பிஎஸ்ஏ நிறுவனம் கார்டைச் சோதித்து, 1 முதல் 10 வரை தரம் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடித் தரும். அந்த உறையைத்தான் ஸ்லாப் என்கிறோம். 2021 ஜனவரியில் 10 தரம் பெற்ற ஜோர்டான் கார்டு 7,38,000 டாலருக்கு ஏலம் போனது. சில மாதங்களிலேயே விலை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இறங்கிய விலையில் வாங்கிப் போடலாம் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன்.

எனக்கு விற்றவர் வேறு மாநிலம். சேகரிப்பவர்கள் குழு ஒன்றில் அறிமுகம். நம்பிக்கையான ஆள் என்று நாலைந்து பேர் அவருக்குச் சாட்சி சொல்லியிருந்தார்கள். பிஎஸ்ஏ 8 தரம். ஸ்லாப்பின் லேபிளில் பிஎஸ்ஏ போடும் தனி எண்ணை, அதாவது ஸ்லாப் எண்ணை, பிஎஸ்ஏ தளத்தில் போட்டுப் பார்த்தேன். அதே கார்டு, அதே தரம், எல்லாம் பொருந்தியது. விலையும் சந்தேகப்படும் அளவுக்கு மலிவில்லை, சந்தையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. மலிவாகக் கிடைத்தால் உஷாராக இரு என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த ஆட்களுக்கும் அது தெரிந்திருக்கிறது.

பேபாலில் அனுப்புகிறேன் என்றேன். “நண்பர்கள், குடும்பம் என்ற வகையில் போடுங்கள், 3 சதவீதக் கட்டணம் மிச்சமாகும், அதை உங்களுக்கே விலையில் கழித்துவிடுகிறேன்” என்றார். சரி என்றேன். நான் செய்த பெரிய தவறு இதுதான். அந்த வகையில் போகும் பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. பொருள் வாங்கும் வகையில் அனுப்பியிருந்தால் 180 நாளுக்குள் முறையிட்டிருக்கலாம்.

கார்டு வந்தது. என் மகன் அதை மேசை விளக்கின் கீழே பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “அப்பா, ஓரம் ஏன் இப்படி வெளுத்திருக்கு?” என்று கேட்டான். பிளாஸ்டிக்கின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில், ஒரு மூலையில் மட்டும் பனி படிந்த மாதிரி வெள்ளையாக ஒரு கீற்று. தபாலில் அடிபட்டிருக்கும் என்றேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கார்டு ஷோவுக்கு எடுத்துப் போனேன். அங்கே கடை போட்டிருந்த பெரியவர், நகைக்கடையில் கல் பார்ப்பார்களே அந்த மாதிரிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை என்னிடம் நீட்டினார். தன் கடையில் இருந்த அதே செட்டின் வேறொரு கார்டையும் பக்கத்தில் வைத்தார். அவருடைய கார்டில் புகைப்படம் மட்டும் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆகியிருந்தது. கறுப்பு எழுத்துகள் மை ஊற்றினாற்போல் புள்ளியே இல்லாமல் ஒரே கறுப்பாக, விளிம்பு வெட்டினாற்போல் இருந்தன. என் கார்டில் எழுத்துக்குள்ளேயும் புள்ளிகள். அச்சடித்த கார்டை ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்தால் இப்படித்தான் வரும் என்றார். மூலையில் இருந்த வெள்ளைக் கீற்று, உறையை நெம்பித் திறந்து மறுபடி ஒட்டிய தடம். ஏதோ மலிவான கார்டின் ஸ்லாப்பைத் திறந்து, போலிக் கார்டையும் போலி லேபிளையும் உள்ளே வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் எண் எப்படிப் பொருந்தியது? அந்த எண் உண்மையானது. வேறு யாரிடமோ இருக்கும் நிஜக் கார்டின் எண்ணை லேபிளில் அச்சடித்திருக்கிறார்கள். அன்று இரவே பழைய ஏலப் படங்களைத் தேடினேன். அதே எண்ணுள்ள நிஜக் கார்டு கிடைத்தது. அதில் படம் சற்று வலப்பக்கம் தள்ளி அச்சாகியிருந்தது, இடது ஓரம் அகலம், வலது ஓரம் குறுகல். என்னுடையதில் இரண்டும் சமம். வாங்குவதற்கு முன் இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்திருந்தால் தப்பித்திருப்பேன். பழைய ஸ்லாப்கள் பலவற்றுக்கு பிஎஸ்ஏ தளத்தில் படம் இருக்காது. அதனால் எண் பொருந்துகிறது என்பதோடு நிற்காதீர்கள், அதே எண்ணின் ஏலப் படத்தைத் தேடிப் பிடித்து, ஓரங்களையும் மூலைகளையும் ஒப்பிடுங்கள். படம் எங்கும் கிடைக்காவிட்டால், கையில் வாங்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

விற்றவரின் கணக்கு இப்போது இல்லை. சாட்சி சொன்னவர்களில் மூன்று பேரின் கணக்கும் காணவில்லை. வங்கியில் கேட்டேன், நீங்களே சம்மதித்து அனுப்பிய பணம் என்று சொல்லிவிட்டார்கள். போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன். இணைய மோசடிப் புகார்களுக்காக எஃப்பிஐ நடத்தும் ஐசி3 தளத்திலும் பதிந்தேன். பார்சல் அரசுத் தபாலில் வந்ததால் தபால் துறையின் புலனாய்வுப் பிரிவுக்கும் எழுதினேன். தபால் உறையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது அதற்கு உதவியது. நீங்களும் உறையை, ரசீதை, பேசிய செய்திகளை எல்லாம் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்று. போன வாரம் டெக்சாஸிலிருந்து ஒருவர் எனக்கு எழுதினார். தான் வாங்குவதற்கு விலை பேசிக்கொண்டிருக்கும் கார்டின் படத்தை அனுப்பியிருந்தார். அதே ஸ்லாப் எண். இரண்டு ஓரமும் சமம். அவர் இன்னும் பணம் அனுப்பவில்லை. உங்களிடமும் யாராவது பிஎஸ்ஏ 8 ஜோர்டானை, கட்டணத்தைக் கழித்துத் தருகிறேன் என்று சொல்லி விற்க வந்தால், பணம் போடும் முன் எனக்கு எண்ணை அனுப்புங்கள். ஒப்பிட்டுச் சொல்கிறேன்.