பிஸ்டன் பிடித்த செயின்சோ: மீளக் கட்டுவதா, கழற்றி விற்பதா?

எங்களுடைய ஸ்டில் எம்.எஸ். 381 செயின்சோ (மரம் அரியும் இயந்திர வாள்), சிலிண்டருக்குள் பிஸ்டன் இறுகிப் பிடித்து நின்றபோது, உதிரியாகக் கழற்றி விற்றுவிடும்படியே பலரும் சொன்னார்கள். நான் மீளக் கட்டினேன். அந்த வாள்தான் இன்றும் ஒட்டுசுட்டான் பக்கத்துக் காணிகளில் பாலையும் முதிரையும் அரிகிறது. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கழற்றி விற்பதன் நன்மை வெளிப்படையானது. மேலும் பணம் போடத் தேவையில்லை. காபரேட்டர், கொயில், கிளச், ஸ்டார்ட்டர் ஆகியவை நல்ல நிலையில் இருந்தால் கேட்டு வருவார்கள். ஆனால் வன்னியில் அதே மாதிரி வாள் வைத்திருப்பவருக்கு அதே பாகம் பழுதாகும் வரை காத்திருக்க வேண்டும். வவுனியாவுக்குக் கொண்டுபோனாலும் நல்ல பாகங்கள் முதலில் போய், மற்றவை கிடையில் கிடக்கும். அப்படிச் சிறுகச் சிறுக வரும் பணம் புதிய வாளுக்கு எட்டாது. 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் அந்த ஆண்டின் நடுப்பகுதியில் 360 ரூபாவைத் தொட்டது. பின்னர் இறங்கியபோதும், இறக்குமதி இயந்திரங்களின் விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

முடிவைத் தீர்மானிப்பது பிஸ்டனோ சிலிண்டரோ அல்ல, அவற்றைத் தாங்கும் உடற்கூடு. கிராங்க் தண்டும் அதன் பெயரிங்குகளும் அமரும் அந்த மக்னீசியக் கலப்புலோகக் கூடு வெடித்தால், ஒட்டுவதற்குத் தேர்ந்த கை வேண்டும். ஒட்டியபின் பெயரிங் இருக்கை நேராக நிற்கும் என்பதற்கும் உறுதியில்லை. கிராங்க் தண்டின் முனையிலுள்ள பிளைவீலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், சிறிதும் ஆடக்கூடாது. பெற்றோலால் கழுவி, சங்கிலி ஓடும் அலகைப் பூட்டும் போல்ட்டுகளின் அடியிலும் கைப்பிடி பொருந்தும் இடங்களிலும் முடிபோன்ற வெடிப்பு உண்டா என்று வெளிச்சத்தில் தேடுங்கள். கூட்டுக்குள் உலோகத் துகள் கிடந்தால் பெயரிங் உடைந்திருக்கக்கூடும். அப்போது செலவுக் கணக்கே மாறிவிடும்.

உடற்கூட்டுக்கு இன்னொரு பெறுமதியும் உண்டு. வாளின் தொடர் இலக்கம் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. 2019 இல் நாடெங்கும் செயின்சோக்களைப் பொலிஸ் நிலையங்களில் பதிவு செய்யுமாறு அரசாங்கம் அறிவித்தது. பதிவு இருந்தால் அந்த இலக்கம் உங்கள் பெயரோடு கட்டப்பட்டது. மீளக் கட்டினால் இலக்கமும் பத்திரமும் ஒன்றாகவே இருக்கும். கழற்றி விற்று, இலக்கம் உள்ள கூடு யாருடைய கைக்கோ போய், அது காட்டுமரம் தறிக்கும் வாளோடு பிடிபட்டால், கேள்வி உங்களிடம்தான் வரும். வன்னிக் காடுகளை ஒட்டி வேலை செய்பவர்கள் இதைச் சிறிய விடயமாக நினைக்கக்கூடாது.

கூடு நல்லதென்றால் அடுத்தது காரணத்தைக் கண்டுபிடிப்பது. பிஸ்டனின் புகை வெளியேறும் பக்கம் மட்டும் கீறியிருந்தால், பெற்றோலில் கலக்கும் எண்ணெய் போதாமையோ காற்று மிகுந்த கலவையோ காரணமாக இருக்கும். காற்று உள்ளே வரும் பக்கமும் மங்கித் தேய்ந்திருந்தால், வடிகட்டியைத் தாண்டி மண்புழுதி போயிருக்கிறது. எங்கள் வாளில் காபரேட்டரை இணைக்கும் இறப்பர்க் குழாய் வெடித்துக் காற்றை இழுத்திருந்தது. அதை விட்டுவிட்டுப் புதுப் பிஸ்டன் போட்டிருந்தால் அதுவும் எரிந்திருக்கும். பூட்டியபின் சிலிண்டரில் காற்று வரும், புகை போகும் வாய்களை அடைத்து 0.5 பார் அழுத்தமும், பிறகு அதே அளவு வெற்றிடமும் கொடுத்து, அழுத்தமானியின் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்ப்பதே மீளக் கட்டும் வேலையின் உயிர். இதற்கான பம்பு இல்லாத கராஜில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

52 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிலிண்டரைப் பார்த்தவுடன் எறிந்துவிட வேண்டியதில்லை. பல வேளைகளில் கீறலாகத் தெரிவது சிலிண்டர் உட்சுவரின் கடினப் பூச்சின் மேல் ஒட்டிய பிஸ்டனின் அலுமினியம். ஐதரோக்குளோரிக்கமிலத்தைப் பஞ்சில் தொட்டு, வாய்களின் ஓரத்தில் படாமல் தடவினால் அது கரையும். பின்பு நகத்தால் வருடும்போது தட்டினால் பூச்சே போயிருக்கிறது, புதிது வேண்டும். மலிவான மாற்றுச் சிலிண்டர்கள் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதில் என் அனுபவம் குறைவு. எங்கள் பழைய சிலிண்டர் தப்பியதால் பிஸ்டனும் ரிங்குகளும் மட்டுமே மாற்றினோம்.

சங்கிலியையும் அலகையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2009 வரை நடந்த போரின் சன்னங்களும் எறிகணைச் சிதறல்களும் இன்றும் எங்கள் மரங்களுக்குள் இருக்கின்றன. அவை எந்த வாளின் பல்லையும் உடைக்கும், புதிய வாளாக இருந்தாலும்.

மரம் விழுந்து கூடு நசுங்கியிருந்தாலோ, பெயரிங் இருக்கை தேய்ந்திருந்தாலோ நானும் கழற்றியே விற்பேன். ஆனால் இலக்கம் உள்ள கூட்டை யாருக்கும் கொடுக்காமல், பதிவுப் பத்திரத்தோடு என்னிடமே வைத்து, வாள் பாவனையில் இல்லை என்று பொலிஸ் நிலையத்தில் எழுத்தில் அறிவித்த பிறகுதான் மற்றப் பாகங்களை விலைபேசுவேன்.