திருகி இடைவெளி மாற்றும் ஸ்பார்க் டெஸ்டர்: பாயிண்ட் வைத்த பழைய கார்களுக்கு எப்படி?

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பிளக்கைக் கழற்றி எஞ்சினில் வைத்து, "கரண்ட் வருதே, இக்னிஷன் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். அம்பாசிடரிலும் பத்மினியிலும் பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. பிளக் இடைவெளி 0.6 மில்லிமீட்டர்தான், வெளிக்காற்றில் வலுவிழந்த காயிலின் (பேட்டரி கரண்டை உயர் வோல்ட்டாக்கும் சுருள்) பொறிகூட அதைத் தாண்டும். சிலிண்டருக்குள் கம்ப்ரஷன் ஏறியதும் அதே பொறி தாண்டாது.

இந்த டெஸ்டரின் பயன் இதுதான். திருகைத் திருப்பி 6 மில்லிமீட்டர் வைக்கலாம். அதைத் தாண்டுகிற பொறி கம்ப்ரஷனிலும் நிற்கும். நியான் பல்பு மினுக்கும் வகையை வாங்காதீர்கள். கரண்ட் வருகிறதா என்று மட்டும் அது காட்டும், தெம்பைக் காட்டாது.

கிளிப்பைப் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். பெட்ரோல் கசிவு எங்கும் இல்லை என்று பார்த்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்தனுப்பும் பாகம்) கேப்பின் நடுவயரை, அதாவது காயிலிலிருந்து வருவதை, கேப்பிலிருந்து உருவி டெஸ்டரில் செருகிச் செல்ஃப் அடியுங்கள். 'டப் டப்'பென்று நீலமாக அடித்தால் காயில், பாயிண்ட் (காயிலின் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை), கண்டன்சர் (பாயிண்ட் கருகாமல் காப்பது) மூன்றும் சரி. இக்னிஷனில் கோளாறு என்றால் அது ரோட்டார் (கேப்புக்குள் சுழலும் துண்டு), கேப், பிளக் வயர் பக்கம். மஞ்சளாக, நூல் மாதிரி வந்தால் முதலில் பேட்டரி: செல்ஃப் அடிக்கும்போது 9.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. பேட்டரி சரியென்றால் கண்டன்சரை மாற்றுங்கள். பாயிண்ட் அடிக்கடி கருகுவதும் பெரும்பாலும் அதனால்தான்.

பொறியே இல்லையா? இனி டெஸ்ட் லேம்ப் (இரண்டு நுனி உள்ள சோதனை பல்பு) வேண்டும். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் ஒரு நுனி, எர்த்தில் மறு நுனி. செல்ஃப் அடிக்கும்போது விட்டு விட்டு எரிய வேண்டும். அணையாமல் எரிந்தால் பாயிண்ட் சேரவில்லை, அல்லது அதன் முகத்தில் களிம்பு. எரியவே இல்லையென்றால், காயிலுக்கு வரும் கரண்டை முதலில் பாருங்கள். அது இருந்தால் கண்டன்சர் ஷார்ட், பாயிண்ட் திறக்காமல் நிற்பது, உள்ளே தேய்ந்த வயர் எர்த் ஆவது, காயில் உள்சுற்று அறுந்தது என்று வரிசையாகப் போகலாம்.

டெல்டாவில் இந்தக் களிம்பு சாதாரணம். கல்யாண சீசனுக்கு மட்டும் வெளியே வரும் வண்டி ஐப்பசி, கார்த்திகை முழுக்க ஈரத்தில் நிற்கும். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று வேறு. மழை நாளில் நடுவயரில் நல்ல பொறி இருந்தும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால் கேப்பின் உட்புறத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பென்சில் கோடு போல் கறுப்புக் கீற்று தெரிந்தால் துடைத்துப் பயனில்லை, கேப்பை மாற்ற வேண்டியதுதான்.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் வழியில் சூட்டோடு நின்றுபோகும் வண்டிக்கு, நின்ற உடனே டெஸ்டரை மாட்டுவது முக்கியம். சூட்டில் பொறி இல்லாமல் ஆறியதும் வந்தால் காயிலைச் சந்தேகிக்கலாம். சூட்டிலும் 6 மில்லிமீட்டர் தாண்டினால் பெட்ரோல் லைனைப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. கிளிப்பின் ஸ்பிரிங் வலுவில்லை. திருகின் மரை துருப்பிடிக்கும், கொஞ்சம் வாசலின் தடவி வையுங்கள். அளவுகோட்டை நம்பாமல் 6 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் தண்டை நடுவில் வைத்து அமைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் பொறியின் நிறம் தெரியாது, நிழல் வேண்டும். 10 மில்லிமீட்டருக்கு மேல் திறந்து செல்ஃப் அடித்தால் காயிலின் இன்சுலேஷன் கெடும்.

டெஸ்டரோடு ஒரு கண்டன்சரும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் தகடுகள்) டிக்கியில் இருக்கட்டும். 1489 சிசி அம்பாசிடருக்குப் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்.